24 சதுர அடி அறையும் ஒரு தகர வேலைக்காரரும்: ஜகதீஷ் சந்திர போஸின் கதை

எங்கள் வளவின் மேற்குப் பக்க வேலியில் ஒரு பொட்டு இருக்கிறது. நாங்கள் அடைக்க அடைக்கக் கட்டாக்காலி மாடுகள் அதைத் திறந்துகொண்டே இருக்கின்றன. போன மாரியில் ஒரே இரவில் இரண்டு பாத்தி கோவாவைத் தின்று, மிச்சத்தை மிதித்துவிட்டுப் போய்விட்டன. அச்சுவேலிப் பக்கத்துச் செம்மண்ணில் தோட்டம் செய்கிறவர்களுக்கு இது புதிய கதையில்லை. விடிய எழும்பி வேலியைப் பார்த்து, மாட்டுக்காரனைத் திட்டி, திரும்பவும் ஒரு அலம்பலை வைத்துக் கட்டுவார்கள்.

அக்காவின் மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறான். இதற்கு வேறு வழி பார்க்கிறேன் என்று இறங்கினான். யாழ்ப்பாணம் ரவுணில் சில நூறு ரூபாவுக்கு ஒரு சின்னஞ்சிறு சென்சர் வாங்கிவந்தான். கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிரை, இந்தியப் பாடநூல்கள் அகச்சிவப்பு என்று சொல்வதை, அது வெளியே அனுப்பும். எதிரே ஏதாவது வந்தால் தெறித்துத் திரும்பும் கதிரைப் பிடித்து மணியை அடிக்கும். மேசையில் நன்றாகத்தான் வேலை செய்தது. வேலியில் கட்டியபோது ஒரு சாண் தூரத்துக்கு அப்பால் அதற்கு எதுவும் தெரியவில்லை. மாடு வந்து அதை நக்கினால்தான் மணி அடிக்கும் என்று அத்தான் பகிடி பண்ணினார்.

அம்மாவுக்கு அது பகிடியாகப் படவில்லை. வேலியில் வயர் தொங்குவதைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. உடனே கழற்றச் சொன்னார். அவருடைய பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வருவது தடைசெய்யப்பட்டிருந்தது. பெரியப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோ பாடும். செய்தி கேட்க அயல் முழுக்க எங்கள் முற்றத்தில் கூடும். நான் சின்னப் பிள்ளை, சுற்றுகிற முறை எனக்கும் வரும். றேடியோ திருத்துகிற சாமான்கள் எல்லாம் பெரியப்பாவின் தகரப் பெட்டி ஒன்றில் இருந்தன. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே எழும்பி நடந்தபோது அந்தப் பெட்டி வீட்டிலேயே கிடந்தது. மறுவருடம் நாங்கள் திரும்பி வந்தபோதும் அது அப்படியே இருந்தது. சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்ட ஒரு காலையில் அம்மா அந்தப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றுக்குள் போட்டார். வயர்த் துண்டுக்கு விளக்கம் சொல்ல முடியாத காலம் அது. பிறகு கிணறு இறைத்தபோது இரண்டு தடவை செம்புக் கம்பிச் சுருள் மேலே வந்தது.

அம்மாவையும் மருமகனையும் ஒன்றாக இருத்தி நான் ஒருவரின் கதையைச் சொன்னேன். பெயரைப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகக் கேட்டிருப்போம். வாழ்க்கையைப் பலர் கேட்டதில்லை. அவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

மீனவரின் மகனுக்குப் பக்கத்தில்

போஸ் பிறந்தது 1858 நவம்பர் 30ஆம் திகதி, அன்றைய கிழக்கு வங்காளத்தில். இன்று அது பங்களாதேஷ். தகப்பன் பகவான் சந்திர போஸ் பிரித்தானிய அரசில் உயர்ந்த பதவியில் இருந்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போவார்கள். ஆனால் இந்தத் தகப்பன் மகனை ஊர் வங்காளிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பிள்ளை முதலில் தன் மொழியையும் தன் சனத்தையும் அறியவேண்டும், ஆங்கிலம் பிறகு வரட்டும் என்பது அவருடைய எண்ணம். வாங்கில் போஸுக்கு ஒரு பக்கம் தகப்பனின் முஸ்லிம் பணியாளரின் மகன், மறுபக்கம் ஒரு மீனவரின் மகன். ஆற்றையும் மீனையும் பறவையையும் பற்றி அந்தப் பிள்ளைகள் சொன்ன கதைகளே தன்னை இயற்கையின் பக்கம் திருப்பின என்று பிற்காலத்தில் போஸ் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இதைச் சொல்லும்போது எனக்கு மானிப்பாய் ஞாபகம் வந்தது. போஸ் பிறப்பதற்கு முன்பே, 1847இல், அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்தார். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். சொந்த மொழியில் விஞ்ஞானம் படிக்கலாம் என்பது நமக்கும் புதிய விடயமில்லை.

போஸின் தகப்பனிடமிருந்து அவருக்குக் கிடைத்த இன்னொன்று கைவேலை. பர்த்வானில் மலேரியாக் காய்ச்சல் பரவிப் பல பிள்ளைகள் தாய் தகப்பனை இழந்தார்கள். அந்த அநாதைப் பிள்ளைகள் தொழில் பழகவென்று தகப்பன் தன் வீட்டு வளவிலேயே பட்டறை திறந்தார். தச்சு, கடைசல், வார்ப்பு என்று வேலை நடந்தது. சிறுவன் போஸ் அங்கேதான் திரிந்தான். உலோகத்தைக் கையால் தொட்டு, வெட்டி, வளைத்துப் பார்த்த அனுபவம் பிற்பாடு அவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் கொடுக்காத பலத்தைக் கொடுத்தது.

கல்கத்தாவில் சென் சேவியர் கல்லூரியில் லாஃபோண்ட் என்ற யேசு சபைக் குருவானவர் பௌதிகவியல் படிப்பித்தார். பரிசோதனைகளைச் செய்துகாட்டிப் படிப்பிப்பதில் பெயர் பெற்றவர். போஸ் பௌதிகவியலில் பிடிப்படைந்தது அவரால். 1880இல் மருத்துவம் படிக்க இங்கிலாந்து போனார். தொடர் காய்ச்சல், அதோடு உடலறுக்கும் அறையின் நெடி, தொடரமுடியவில்லை. மருத்துவத்தை விட்டு கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் படித்தார். அங்கே அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் ரேலி பிரபு. 1884இல் பட்டம் பெற்று மறுவருடம் ஊர் திரும்பினார்.

மூன்று வருடம் தொடாத சம்பளம்

1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகவியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஒரே வேலை, இரண்டு சம்பளம் என்பது அங்கே விதி. ஐரோப்பியருக்குக் கொடுப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் நியமனம் தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதி. கணக்குப் பார்த்தால் பக்கத்து அறையில் அதே பாடத்தைப் படிப்பிக்கிற வெள்ளைக்காரருக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு.

போஸ் சண்டை பிடிக்கவில்லை, வேலையையும் விடவில்லை. தினமும் கல்லூரிக்குப் போனார், முழு ஒழுங்காகப் படிப்பித்தார். மாத முடிவில் சம்பளத்தைத் தொடவில்லை. ஒரு மாதம் இரண்டு மாதமில்லை, மூன்று வருடம். வீட்டில் வசதி இருந்ததால் செய்தாரா என்றால் அதுவுமில்லை. தகப்பன் பொதுநல முயற்சிகளில் பணம் போட்டு பெருங்கடனில் இருந்தார். இந்த நிலையில் 1887இல் அபலா தாஸைக் கலியாணம் முடித்தார். கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியில் இடமில்லாத காலத்தில், மருத்துவம் படிக்கவென்று சென்னை வரைக்கும் போனவர் அபலா. உடல்நலம் காரணமாகப் படிப்பை முடிக்கமுடியவில்லை. கல்கத்தாவில் வாடகை கட்டுப்படியாகாமல் இருவரும் ஆற்றுக்கு அக்கரையில் சந்தன்நகரில் வீடெடுத்தார்கள். காலையில் போஸ் சிறு படகில் ஹூக்ளி ஆற்றைக் கடந்து ரயிலேறப் போவார். அபலா படகைத் திரும்ப வலித்துக்கொண்டு வருவார்.

மூன்று வருட முடிவில் நிர்வாகம் இறங்கிவந்தது. பதவி நிரந்தரமானது, முழுச் சம்பளம், அதுவும் முதல் நாளிலிருந்து கணக்குப் பார்த்து மொத்தமாகக் கொடுக்கப்பட்டது. அந்தப் பணம் தகப்பனின் கடனை அடைக்கப் போனது. இந்த இடத்தில் அம்மா குறுக்கிட்டு, மூன்று வருடம் அந்தப் பிள்ளை என்னத்தைச் சமைத்துச் சாப்பிட்டது என்று அபலாவைப் பற்றிக் கேட்டார். வரலாற்று நூல்கள் அதை எழுதி வைக்கவில்லை.

அலையைச் சின்னதாக்கியவர்

1894 நவம்பர் 30, தன் 36ஆவது பிறந்தநாளில், இனி ஆராய்ச்சிதான் என்று போஸ் முடிவெடுத்தார். கல்லூரியில் ஆய்வுகூடம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கிடைத்தது குளியலறையை ஒட்டிய 24 சதுர அடி இடம். ஆறடி நீளம், நாலடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர்க் கோழிக்கூட்டின் அளவு. உதவிக்கு ஒரு தகர வேலைக்காரர். அவருக்குப் பௌதிகவியல் தெரியாது. போஸ் வரைந்து கொடுப்பதைத் தகரத்தில் வெட்டி ஒட்டத் தெரியும். செலவு போஸின் சட்டைப்பையிலிருந்து.

அந்தக் காலத்தில் மின்காந்த அலைகள் புதிய கண்டுபிடிப்பு. ஜேர்மனியின் ஹெர்ட்ஸ் அவற்றை உண்டாக்கிக் காட்டிச் சில வருடங்களே ஆகியிருந்தன. அவருடைய அலைகள் நீளமானவை. அரை மீற்றருக்கும் மேல். அத்தனை நீள அலையை வைத்து, ஒளியைப் போலத் தெறிக்கிறதா, வளைகிறதா என்று பார்க்க மிகப் பெரிய கருவிகள் தேவை. போஸின் யோசனை எளிமையானது. அறை சின்னதென்றால் அலையையும் சின்னதாக்கு. 25 மில்லிமீற்றரிலிருந்து 5 மில்லிமீற்றர் வரை அலைநீளமுள்ள அலைகளை அவர் உண்டாக்கினார். ஒளிக்கும் வானொலிக்கும் இடைப்பட்ட, அதுவரை பெரிதாக யாரும் இறங்காத வெளி அது. அந்த வெளியின் ஒளிப்பக்கக் கரையில் இருப்பதுதான் எங்கள் வேலியில் தொங்கிய செந்நிறக்கீழ்க் கதிர். 1800இல் வில்லியம் ஹேர்ஷல் அரியத்தால் சூரிய ஒளியைப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெறுமையாகத் தெரிந்த இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அது ஏறியது. அப்படித்தான் அந்தக் கதிர் அகப்பட்டது.

போஸ் பாவித்த சாமான்களைக் கேட்டால் நம்மூர்ச் சனத்துக்கு ஆச்சரியம் வராது, சிரிப்புத்தான் வரும். முறுக்கிய சணல் நாரை வைத்து அலையின் தளத்தைத் திருப்பிக் காட்டினார். ரயில் நேர அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு இடையில் ஈயத்தாளைச் செருகி, அதை ஒரு வடிகட்டியாக்கினார். கந்தகத்தை உருக்கி வில்லை வார்த்தார். தகரக் குழாயை அலைக்கு வழியாக்கினார்; குழாயின் வாயைப் புனல் போல விரித்தார்.

75 அடி

இனி எங்கள் வேலிப் பிரச்சினைக்கு வருகிறேன். கதிரை உணரும் கருவி ஒன்றின் தூரத்தைக் கூட்டுவது எப்படி? போஸ் செய்தவற்றைப் பார்த்தால் விடை நாலு பகுதியாக வருகிறது.

முதலாவது, சிதறாமல் அனுப்புவது. விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தூரம் போனால் கிடைக்கும் வெளிச்சம் அரைவாசியாவதில்லை, கால்வாசியாகிறது. எல்லாப் பக்கமும் பரவுவதால் வருகிற நட்டம் அது. குழாயும் புனலும் வில்லையும் கதிரை ஒரு பக்கமாகக் கூட்டி அனுப்பின. இரண்டாவது, வேண்டாததை வெளியே வைப்பது. போஸ் தன் அனுப்பும் கருவியை உலோகப் பெட்டிக்குள் அடைத்தார். வாங்கும் கருவிக்குப் போகும் கம்பிகளுக்குக்கூட ஈயத்தாள் சுற்றினார். குசுகுசுப்பைக் கேட்கவேண்டுமென்றால் சந்தையின் இரைச்சலை முதலில் நிறுத்தவேண்டும். மூன்றாவது, இடைவிடாமல் பொறி அடிக்காமல் ஒரே ஒரு பொறி. கணநேரத்தில் பளிச்சென்று ஓர் அலை போனால் போதும் என்று கண்டார். நாலாவது, வாங்கும் கருவியையே கூர்மையாக்குவது. இந்த நாலாவதில் அவர் நிறையவே உழைத்தார்.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் பொதுமக்கள் முன் இதைச் செய்துகாட்டினார். வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர் பார்வையாளராக வந்திருந்தார். ஓர் அறையிலிருந்து கிளம்பிய அலை, சுவர்களையும் கவர்னரின் பருத்த உடம்பையும் கடந்து, 75 அடிக்கு அப்பால் மணியை அடித்தது. கொஞ்சம் வெடிமருந்தையும் பற்றவைத்தது. கம்பியில்லை. இத்தாலி இளைஞர் மார்க்கோனி அதே காலத்தில்தான் தன் வீட்டு வளவில் முயற்சி செய்துகொண்டிருந்தார்.

வெடிமருந்து என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்கு விளங்கியது. கதையின் அந்தப் பகுதியை நான் மறைக்க விரும்பவில்லை. ஒரு கருவி மணியையும் அடிக்கும், மருந்தையும் கொளுத்தும். அன்று மண்டபத்தில் இருந்தவர்களுக்கு இரண்டும் ஒரே வேடிக்கை. நமக்கு அப்படியில்லை.

கலீனாக் கண்

1897 ஜனவரியில் லண்டன் றோயல் இன்ஸ்ரிரியூசனில் போஸ் தன் கருவிகளோடு போய் உரை நிகழ்த்தினார். அந்தக் காலத்து வாங்கிகள் பெரும்பாலும் உலோகத் துகளை அடைத்த குழாய்கள். ஒரு தடவை அலை பட்டால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். மறுபடி கேட்கவேண்டுமென்றால் தட்டிவிடவேண்டும். போஸ் பல உலோகங்களையும் பளிங்குகளையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். 1899இல் இரும்பும் பாதரசமும் தொடும் ஒரு வாங்கியை விவரித்துக் கட்டுரை எழுதினார். அது தட்டத் தேவையில்லாமல் தானாகவே பழைய நிலைக்கு வரும். 1901 டிசம்பரில் மார்க்கோனி அத்திலாந்திக் கடலைத் தாண்டிச் சமிக்ஞையைக் கேட்டது இதே வகை வாங்கியில்தான் என்று 1998இல் ஐஇஇஇ சஞ்சிகைக் கட்டுரை ஒன்று வாதிட்டது. மார்க்கோனியின் உழைப்பு இதனால் சின்னதாகிவிடாது. அவர் தந்திச் சேவையை நோக்கிப் போனார், கடலைத் தாண்டினார். போஸுக்கு வேண்டியது தூரமில்லை. அலையின் இயல்பை அறிவது. ஆனாலும் ஒருவரின் பெயர் எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது, மற்றவரின் பெயர் அடிக்குறிப்பாகிறது.

போஸ் கடைசியில் போய் நின்ற பொருள் கலீனா. ஈயமும் கந்தகமும் சேர்ந்த, மினுமினுக்கும் கருமையான கனிமம், ஈயச் சல்பைட்டு. அதன் மேல் கூரிய முனையொன்றைத் தொடவைத்தால் மின்னலைக்கு அது உணர்ச்சி காட்டியது. ஒளிக்கும் காட்டியது. கண்ணுக்குத் தெரிகிற ஒளி, தெரியாத கதிர் என்று பேதம் பார்க்காத செயற்கை விழித்திரை என்று போஸ் அதைக் கருதினார். 1901 செப்ரெம்பரில் அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. 1904 மார்ச் 29இல் 755840 என்ற இலக்கத்தில் கிடைத்தது. குறைகடத்திக் கருவி ஒன்றுக்கான உலகின் முதல் காப்புரிமைகளில் ஒன்று அது. பிற்காலத்தில் திரான்சிஸ்ரரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வால்டர் பிராட்டைன், வானொலி அலையைப் பிடிக்கக் குறைகடத்திப் பளிங்கை முதலில் பாவித்தவர் போஸ் என்று 1955இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் ஒப்புக்கொண்டார்.

காப்புரிமை எடுப்பதில் போஸுக்கு மனமிருக்கவில்லை. சாரா புல் என்ற அமெரிக்க நண்பியும் சகோதரி நிவேதிதாவும் வற்புறுத்தியதால்தான் அது நடந்தது. தந்திக் கம்பனி ஒன்று பணத்தோடு தேடி வந்ததையும் அவர் மறுத்துவிட்டார். கிடைத்த காப்புரிமையால் பணமீட்டவும் முயலவில்லை. அறிவு எல்லாருக்கும் பொது என்பது அவர் கொள்கை. இது சரியா பிழையா என்று மருமகனும் அத்தானும் அரை மணித்தியாலம் விவாதித்தார்கள். காசை வாங்கி இன்னொரு ஆய்வுகூடம் கட்டியிருக்கலாமே என்பது அத்தானின் கட்சி.

கலீனாவின் கதை அங்கே முடியவில்லை. 1930களில் ஜேர்மனியில் அதே ஈயச் சல்பைட்டைக் கொண்டு செந்நிறக்கீழ்க் கதிரை உணரும் கருவிகளை ஆராயத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப்போர் அதை வேகப்படுத்தியது. போருக்குப் பிறகு வந்த வெப்பம் தேடும் ஏவுகணைகளின் கண்களில் இருந்ததும் ஈயச் சல்பைட்டுத்தான். வானூர்திகள் போகிற வழியில் எரிகிற சுவாலைகளை உதிர்த்துக்கொண்டு போவதைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்தச் சுவாலைகள் அப்படிப்பட்ட கண்ணை ஏமாற்றுவதற்கானவை. சின்ன வயதில் அதை வாணவேடிக்கை என்று எண்ணி நான் கைதட்ட, பெரியம்மா என் வாயைப் பொத்திப் பதுங்குகுழிக்குள் இழுத்தது எனக்கு மறக்காது. அந்தக் கண்ணின் கதை 24 சதுர அடி அறை ஒன்றையும் தொட்டு வருகிறது என்று பிறகு படித்தபோது ஒரு கணம் நெஞ்சு கனத்தது. அந்த அறையில் இருந்தவர் அதை விற்க மறுத்தவர் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

களைத்துப்போகும் உலோகம்

வாங்கிகளை நாள் முழுக்கச் சோதிக்கும்போது போஸ் ஒன்றைக் கவனித்தார். தொடர்ந்து அலை பட்டுக்கொண்டிருந்தால் கருவியின் கூர்மை குறைகிறது. சிறிது நேரம் ஓய்வு கொடுத்தால் திரும்ப வருகிறது. உயிருள்ள தசை களைப்பது மாதிரியே உலோகமும் களைக்கிறது. இந்த அவதானிப்புத்தான் அவரைப் பௌதிகவியலிலிருந்து தாவரங்களின் பக்கம் கொண்டுபோனது. உலோகம், செடி, விலங்கு மூன்றும் தூண்டலுக்குக் காட்டும் எதிர்வினையை வரைபடமாக்கி ஒன்றோடொன்று ஒப்பிட்டார்.

1901இல் லண்டனில் இதை முன்வைத்தபோது உடற்றொழிலியல் அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பௌதிகவியல்காரர் தன் எல்லைக்குள் நிற்கட்டும் என்பது அவர்களின் நிலை. கட்டுரையை றோயல் சொசைட்டி அச்சிடவில்லை. போஸ் பின்வாங்காமல் புத்தகங்களாக எழுதினார். செடியின் கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருப்பித்துக் காட்டும் கிரெஸ்கோகிராப் கருவியை இந்தியக் கைவினைஞர்களை வைத்தே செய்தார். செடிகளுக்குள் மின் சமிக்ஞைகள் ஓடுகின்றன என்ற அவரது முடிவை இன்றைய தாவரவியல் ஏற்றுக்கொள்கிறது. செடிக்கு உணர்ச்சி உண்டு, உலோகத்திலும் உயிரின் சாயல் உண்டு என்று அவர் இன்னும் தள்ளிப் போன இடங்களை விஞ்ஞானம் ஏற்கவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

1917இல் அவருக்கு சேர் பட்டம் கிடைத்தது. அதே வருடம் நவம்பர் 30இல், தன் பிறந்தநாளில், கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் திறந்தார். சம்பளமில்லாமலும் இடமில்லாமலும் தான் பட்டது அடுத்த தலைமுறைக்கு வரக்கூடாது என்பதே நோக்கம். 1920இல் றோயல் சொசைட்டி அவரை அங்கத்தவராக்கியது. ஒரு காலத்தில் கட்டுரையைத் திருப்பியனுப்பிய அதே சபை. அவர் தன் மொழியிலும் எழுதினார். 1896இல் வங்காளியில் ஒரு விஞ்ஞானக் கதை எழுதினார்; ஒரு போத்தல் தலைமயிர் எண்ணெயைக் கடலில் ஊற்றிப் புயலை அடக்குகிற கதை. அது போட்டியில் பரிசும் பெற்றது. 1937 நவம்பர் 23இல் கிரிடியில் காலமானார். 79ஆவது பிறந்தநாளுக்கு ஒரு கிழமை இருந்தது.

அவர் இறங்கிய மில்லிமீற்றர் அலை வெளிக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பெரிதாக யாரும் திரும்பவில்லை. இன்று வான்பொருட்களைக் கேட்கும் தொலைகாட்டிகளும் ஐந்தாம் தலைமுறைக் கைத்தொலைபேசிகளும் அந்த அலைகளைப் பாவிக்கின்றன.

வேலிக்குத் திரும்பினோம்

கதை முடிந்த கிழமையே மருமகன் வேலையைத் தொடங்கினான். தெறித்துத் திரும்பும் கதிரை நம்பினால் தூரம் வராது. போகும்போது ஒரு நட்டம், மாட்டின் மயிரில் பட்டுத் திரும்பும்போது இன்னொரு நட்டம். ஆகவே அனுப்புவதை வேலியின் ஒரு முனையிலும் வாங்குவதை மறுமுனையிலும் வைத்தான். நடுவில் மாடு புகுந்தால் கதிர் அறும், மணி அடிக்கும். இரண்டையும் கறுப்புத் தாள் சுற்றிய தண்ணீர்க் குழாய்த் துண்டுகளுக்குள் வைத்தான். உடைந்த பூதக்கண்ணாடியின் வில்லையை அனுப்பும் முனையில் ஒட்டினான். கதிர் நேராகப் போகிறதா என்று கைத்தொலைபேசிக் கமராவில் பார்த்தான். நம் கண்ணுக்குத் தெரியாதது அதில் ஊதாப் பொட்டாகத் தெரிந்தது.

பகலில் சூரியன் எல்லாவற்றையும் குழப்பியது. சூரியனிலும் அதே கதிர் நிறைய உண்டு. கதிரை நொடிக்கு 38,000 தடவை அணைத்து ஏற்றி அனுப்பினால், அந்தத் துடிப்பை மட்டும் கேட்கும் வாங்கி கடையில் கிடைக்கும்; தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருப்பது அதுதான். அதையும் போட்டான். இருபது அடி, முப்பது அடி என்று தூரம் கூடியது. ஆனால் கொஞ்ச நேரத்தில் வாங்கி செவிடாகியது. திரும்பத் திரும்ப வயரைப் பார்த்தான், பிழை எதுவும் அகப்படவில்லை.

பிறகுதான் தெரிந்தது. இடைவிடாமல் வரும் துடிப்பை அந்த வாங்கி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு தன் கூர்மையைத் தானே குறைத்துக்கொள்ளும். போஸின் வாங்கி களைத்தது ஒரு காரணத்தால், இது செவிடாவது வேறொரு காரணத்தால். மருந்து இரண்டுக்கும் ஒன்று: ஓய்வு. கொஞ்சம் துடிப்பு, கொஞ்சம் இடைவெளி என்று மாற்றினான். இடைவெளி விட்டதால் விளக்குக்கும் சூடேறவில்லை. கணநேரத்துக்குக் கூடுதல் மின்னோட்டத்தை அதற்குக் கொடுக்கமுடிந்தது. தூரம் அறுபது அடிக்கு வந்தது. வேலி தொண்ணூறு அடி. மிச்ச முப்பது அடிக்கு அத்தான் கயிற்றில் தகரப்பேணிகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அதுவும் வேலை செய்கிறது.

அம்மா கழற்றச் சொல்லவில்லை. வயரை மட்டும் வெளியில் தெரியாமல் கிடுகுக்குள்ளால் இழுக்கச் சொன்னார். அதை அவரே நின்று பார்த்துச் செய்வித்தார். இரண்டு நாள் கழித்துப் பின்னேரம், பெரியப்பாவின் பெட்டியில் என்னென்ன சாமான் இருந்தது என்று மருமகன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஈயம் ஒட்டுகிற கோல், செம்புச் சுருள், இரண்டு ஸ்பீக்கர், பழைய றேடியோ ஒன்றின் முள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே கிணற்றுப் பக்கம் பார்த்தார். அடுத்த கோடையில் கிணறு இறைக்கும்போது அடியில் நன்றாகத் தேடிப் பார்க்கும்படி அவனிடம் சொன்னார்.